சிட்ரிக்ஸ் டேட்டாபேஸை எக்ஸ்பிரஸ்ல இருந்து தனி சர்வருக்கு மாத்தின வேலை – டர்பன்ல இருந்து ஒரு பதிவு

ஒருவழியா சிட்ரிக்ஸோட (ஆபீஸ் டெஸ்க்டாப்பை சர்வர்ல ஓட்டி நெட்வொர்க்ல குடுக்கிற சாஃப்ட்வேர்) மூணு டேட்டாபேஸும் தனி எஸ்கியூஎல் சர்வருக்குப் (மைக்ரோசாஃப்டோட டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்) போயி, நெட்டைப் பிடுங்கிவிட்டு டெஸ்ட் பண்ணி, பவர் கட் பண்ணி டெஸ்ட் பண்ணி, எல்லாம் தாங்கி நிக்குது. இப்பவே எழுதி வச்சிடலாம்னு உட்காந்துட்டேன், ஏன்னா இந்த வேலை பண்றப்போ தமிழ்ல ஒரு வரி கூட எனக்குக் கிடைக்கல, வெர்ச்சுவல் டெஸ்க்டாப் பாத்துக்கிற நம்ம பசங்க சென்னைலயும் கோயம்புத்தூர்லயும் அவ்ளோ பேர் இருக்காங்க, யாருக்காவது ஒரு ராத்திரி மிச்சமாகும்.

நான் இருக்கிறது தென் ஆப்பிரிக்காவுல டர்பன், உம்லாங்கா பக்கம் ஒரு ஆபீஸ். சுமார் 180 பேர் ஷிப்ட்ல வேலை பாக்குறாங்க, எல்லார் மேஜைலயும் சின்ன தின் கிளையன்ட் (திரையும் கீபோர்டும் மாட்டற பெட்டி) மட்டும்தான், டெஸ்க்டாப் பூரா சர்வர் ரூம்ல ரெண்டு ஹோஸ்ட் மேல ஓடுது. மேனேஜ் பண்றது சிட்ரிக்ஸ் வெர்ச்சுவல் ஆப்ஸ் அண்ட் டெஸ்க்டாப்ஸ் 2203 எல்டிஎஸ்ஆர் (ரொம்ப நாள் சப்போர்ட் இருக்கிற பதிப்பு). ரெண்டு டெலிவரி கன்ட்ரோலர், அதாவது லாகின் பண்றவங்களுக்கு டெஸ்க்டாப்பை ஒதுக்கிக் குடுக்கிற சர்வர். எனக்கு முன்னாடி செட் பண்ணினவங்க இன்ஸ்டால் விசார்டு கேட்ட இடத்துல எல்லாம் நெக்ஸ்ட் குடுத்திருக்காங்க, அதனால முதல் கன்ட்ரோலர்லயே எஸ்கியூஎல் எக்ஸ்பிரஸ் (எஸ்கியூஎல் சர்வரோட இலவசப் பதிப்பு) உக்காந்து, அதுலயே எல்லா டேட்டாபேஸும், அதுவும் சி டிரைவ்ல. டெமோ காட்டறதுக்கு அது சரி. 180 பேர் சம்பளம் அது மேல நிக்கிறப்போ சரி கிடையாது.

இந்த சாஃப்ட்வேருக்கு டேட்டாபேஸ் ஒண்ணு இல்ல, மூணு. சைட் டேட்டாபேஸ்: எந்த யூசருக்கு எந்த மெஷின், எந்த மெஷின் உயிரோட இருக்கு, யார் இப்ப எதுல இருக்காங்கன்னு ஓடிக்கிட்டே இருக்கிற கணக்கு. கான்ஃபிகரேஷன் லாகிங்: அட்மின் யாரு எப்ப எதை மாத்தினாங்க. மானிட்டரிங்: டைரக்டர் கன்சோல்ல நாம பாக்குற லாகான் டைம், செஷன் ஹிஸ்டரி, சிபியு, மெமரி எல்லாம். மூணுக்கும் குணம் வேற. சைட் டேட்டாபேஸ் சின்னது, ஆனா எப்பவும் எழுதிக்கிட்டே இருக்கும், அது நின்னா புதுசா யாரும் உள்ள வர முடியாது. மானிட்டரிங் நின்னா ஒருத்தருக்கும் தெரியாது, ஆனா ஊதிப்போறது அதுதான். விசார்டு ஆரம்பத்துல மூணையும் ஒரே இடத்துல வைக்கும், பின்னால லாகிங்கையும் மானிட்டரிங்கையும் பிரிச்சு வைங்கன்னு கைடுலயே எழுதியிருக்கு.

பிரச்சினை எப்படி வெளிய வந்துச்சுன்னா, காலை ஷிப்ட் மாறுற நேரம் புதுசா லாகின் பண்றவங்களுக்கு மட்டும் டெஸ்க்டாப் வரல. ஏற்கனவே உள்ள இருந்தவங்க பாட்டுக்கு வேலை பாத்துட்டு இருந்தாங்க, ஏன்னா செஷன் ஒருதடவை ஒட்டிக்கிச்சுன்னா டிராஃபிக் நேரா அந்த மெஷினுக்குத்தான் போகும், கன்ட்ரோலர் நடுவுல தேவையில்ல. நெட்வொர்க்கா, ஏடியா (ஆக்டிவ் டைரக்டரி, யூசர் அக்கவுன்ட் இருக்கிற இடம்), லைசென்ஸான்னு ஒரு சுத்து சுத்திட்டு கன்ட்ரோலர்ல போய் பாத்தா சி டிரைவ்ல இடம் சுத்தமா இல்ல. எஸ்கியூஎல் எரர் லாக்ல 9002, டிரான்சாக்ஷன் லாக் (டேட்டாபேஸ்ல நடக்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் குறிச்சு வைக்கிற ஃபைல், மேல சொன்ன லாகிங் டேட்டாபேஸ் வேற) ஃபுல். அதுக்கு மேலயே இன்னொரு எரர் பல நாளா வந்துட்டு இருந்திருக்கு, 1827, டேட்டாபேஸ் சைஸ் லைசென்ஸ் வரம்பு 10240 எம்பியைத் தாண்டுதுன்னு.

லோக்கல் ஹோஸ்ட் கேஷ் (டேட்டாபேஸ் இல்லாதப்போ கன்ட்ரோலர் வச்சு ஓட்டுற சைட் டேட்டாபேஸ் நகல்) ஏன் காப்பாத்தலன்னு கேப்பீங்க. நானும் அதைத்தான் முதல்ல கேட்டேன். கன்ட்ரோலருக்கு டேட்டாபேஸோட தொடர்பு அறுந்தாத்தான் அது கைக்கு எடுத்துக்கும். இங்க தொடர்பு அறுகல, எஸ்கியூஎல் சர்வீஸ் ஓடுது, கனெக்ட் பண்ணா பதில் வருது, எழுத மட்டும் முடியல. அது போக, கேஷ் வச்சிருக்கிற லோக்கல்டிபி (கன்ட்ரோலர்லயே இருக்கிற குட்டி எஸ்கியூஎல்) ஃபைலும் அதே சி டிரைவ்லதான் இருக்கும், விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள நெட்வொர்க் சர்வீஸ் ப்ரொஃபைல்ல. மெயினும் ஸ்பேரும் ஒரே டிஸ்க்ல இருந்தா ஸ்பேர்ங்கிற பேச்சுக்கே இடமில்ல.

ஃபைல் சைஸ் பாத்தேன். சைட் டேட்டாபேஸ் 200 எம்பி கூட இல்ல. லாகிங் அதை விடக் கொஞ்சம் கூட. மானிட்டரிங் டேட்டா ஃபைல் 10 ஜிபி, அதாவது எக்ஸ்பிரஸோட கூரையில முட்டி நிக்குது. அதோட லாக் ஃபைல் 90 ஜிபி கிட்ட! எங்ககிட்ட இருந்த எக்ஸ்பிரஸ் பதிப்புல 10 ஜிபி வரம்பு டேட்டா ஃபைலுக்கு மட்டும்தான், லாக் ஃபைலுக்குக் கிடையாது, அதனால அது டிஸ்க்கைத் தின்னுக்கிட்டே போகலாம், யாரும் தடுக்க மாட்டாங்க.

இந்த 90 ஜிபி ஏன்னு தேடினதுதான் இந்த வேலைல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் விரிவா சொல்றேன். டேட்டாபேஸ் ஃபுல் ரெக்கவரி மாடல்ல இருந்துச்சு. ஃபுல் மாடல்ல லாக் பேக்கப் எடுத்தாத்தான் லாக் உள்ள இருக்கிற பழைய இடம் திரும்பக் கிடைக்கும், சிம்பிள் மாடல்ல அது தானாவே கிடைக்கும், இது எல்லாருக்கும் தெரியும். ஆனா ஃபுல் மாடல்ல இருந்தாலும், ஒரு ஃபுல் பேக்கப் கூட எடுக்காத வரைக்கும் அது சிம்பிள் மாதிரியேதான் நடந்துக்கும், செக்பாயின்ட்லயே லாக் காலியாகிடும். முதல் ஃபுல் பேக்கப் எடுக்கிற நிமிஷத்துல இருந்துதான் லாக் சங்கிலி ஆரம்பிக்குது. எம்எஸ்டிபியில (எஸ்கியூஎல் தன் சொந்தக் கணக்கு வச்சிருக்கிற டேட்டாபேஸ்) பேக்கப் ஹிஸ்டரி டேபிளைப் பாத்தா, மூணு டேட்டாபேஸுக்கும் ஒரே ஒரு ஃபுல் பேக்கப், 2203க்கு அப்கிரேடு பண்றதுக்கு முன்னாடி யாரோ பாதுகாப்புக்கு எடுத்தது. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல. லாக் ஏன் காலியாகலன்னு எஸ்கியூஎல் கிட்டயே கேக்கலாம், சிஸ்டம் டேட்டாபேஸ் வியூல லாக் ரீயூஸ் வெய்ட்னு ஒரு நெடுவரிசை இருக்கு, அதுல லாக் பேக்கப்புக்காக காத்துட்டு இருக்கேன்னு பளிச்னு எழுதியிருந்துச்சு. நல்ல எண்ணத்துல எடுத்த ஒரு பேக்கப், தொடர்ந்து எடுக்காததால டிஸ்க்கை நிரப்பிடுச்சு. எக்ஸ்பிரஸ்ல எஸ்கியூஎல் ஏஜென்ட் (வேலைகளை நேரத்துக்கு ஓட்டுற சர்வீஸ்) கிடையாது, அதனால ஜாப் போட்டு விடவும் முடியாது, டாஸ்க் ஷெட்யூலர்ல எஸ்கியூஎல்சிஎம்டி (எஸ்கியூஎல் கமாண்ட் லைன் டூல்) வச்சு நாமளே கட்டணும். அது யாரும் கட்டல.

அன்னிக்கு முதலுதவி: பேஜ் ஃபைலை வேற டிஸ்க்குக்கு மாத்தி கொஞ்சம் இடம் எடுத்து, லாக் பேக்கப்பை நாஸ்க்கு (நெட்வொர்க்ல இருக்கிற தனி ஸ்டோரேஜ் பெட்டி) எழுதி, லாக் ஃபைலை ஷ்ரிங்க் பண்ணோம். லாகின் வர ஆரம்பிச்சுது. டாஸ்க் ஷெட்யூலர்ல மணிக்கொரு லாக் பேக்கப்பும் போட்டாச்சு.

அடுத்தது மானிட்டரிங் 10 ஜிபி. ஏன் இவ்ளோ? ரெண்டு காரணம். ஒண்ணு, ரிடென்ஷன், அதாவது டேட்டாவை எத்தனை நாள் வச்சிருக்கணும்ங்கிறது. எங்க லைசென்ஸ் பிரீமியம், அதுக்கு டிஃபால்ட் 90 நாள், ஆனா ஆடிட்டுக்காக யாரோ 365க்கு ஏத்தி விட்டிருக்காங்க. ரெண்டாவது, பாலிசில ப்ராசஸ் மானிட்டரிங் ஆன்ல இருந்துச்சு. ஒவ்வொரு டெஸ்க்டாப்லயும் ஓடுற ஒவ்வொரு ப்ராசஸோட சிபியு மெமரி கணக்கையும் சேத்து வைக்கும் அது, டேட்டாபேஸ் பெருக்கும்ங்கிறதாலதான் டிஃபால்ட்டாவே ஆஃப்ல வர்றது. ஏதோ ஒரு ஸ்லோ ஆப்பை கண்டுபிடிக்க ஆன் பண்ணிட்டு திரும்ப ஆஃப் பண்ணல போல. அதை ஆஃப் பண்ணோம்.

ரிடென்ஷனை 365ல இருந்து நேரா 30க்கு இறக்கினது ஒரு தப்பான திருப்பம். க்ரூமிங்ங்கிறது பழைய வரிகளை அழிக்கிற வேலை, ஃபுல் ரெக்கவரில அழிக்கிறதும் லாக்ல எழுதப்படும், பதினோரு மாச டேட்டாவை ஒரே ராத்திரில அழிக்கப் போனதுல லாக் மறுபடி பொங்கிட்டு வந்துச்சு, மணிக்கொரு பேக்கப் பத்தல. இறக்கணும்னா படிப்படியா, 300, 240, 180ன்னு, ஒவ்வொரு படிக்கும் ஒரு ராத்திரி விட்டு இறக்கணும். அழிச்சாலும் டேட்டா ஃபைல் தானா சுருங்காது, உள்ள காலி இடம்தான் வரும், எக்ஸ்பிரஸுக்கு அது போதும், மேல எழுத முடியும்.

இதெல்லாம் பண்ணி முடிக்கிறப்போ தெளிவாயிடுச்சு, ஒட்டுப்போட்டு ஓட்டுற கட்டம் தாண்டிடுச்சுன்னு. எக்ஸ்பிரஸ் பஃபர் மெமரி 1410 எம்பிதான் எடுக்கும், சிபியு ஒரு சாக்கெட் இல்லாட்டி நாலு கோர், ரெண்டுல எது கம்மியோ அது. அதுக்கு மேல கன்ட்ரோலர் வேலையும் அதே மெஷின்ல. தனி விஎம்ல (வெர்ச்சுவல் மெஷின்) எஸ்கியூஎல் ஸ்டாண்டர்ட், அதாவது காசு குடுத்து வாங்குற பதிப்பு, போடறதுன்னு முடிவு.

செலவுதான் நிர்வாகத்துகிட்ட பேச வேண்டிய விஷயம். ஸ்டாண்டர்ட் 2022க்கு ரெண்டு கோர் பேக் பட்டியல் விலை 2023ல 3,945 டாலர். ஒரு விஎம்க்கு குறைஞ்சது நாலு கோர் வாங்கியே ஆகணும், அப்போ லைசென்ஸ் மட்டும் 7,890 டாலர் (2022 பதிப்பை விஎம் கணக்குல வாங்க சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸோ சப்ஸ்க்ரிப்ஷனோ வேணும், அது தனி), அன்னிக்கு ரேட்டுக்கு ஒன்றரை லட்சம் ராண்டு பக்கம், அதுக்கு மேல 15 சதவீதம் வாட். சர்வர் பிளஸ் கால் (சிஏஎல், ஆளுக்கு ஒரு லைசென்ஸ்) முறைல சர்வர் 989 டாலர்தானேன்னு அக்கவுன்ட்ஸ்ல கேட்டாங்க. சிஏஎல் ஒண்ணு அப்போ 230 டாலர், நடுவுல கன்ட்ரோலர் நின்னு பேசினாலும் பின்னால இருக்கிற யூசர் எண்ணிக்கை குறையாதுங்கிறது மைக்ரோசாஃப்ட் விதி, 180 பேருக்குக் கணக்கு போட்டா 41,400 டாலர். அதோட கோர் லைசென்ஸ்தான்னு பேச்சு முடிஞ்சுது. லைசென்ஸ் 2022க்கு வாங்கி, டவுன்கிரேடு உரிமைல 2019 போட்டோம், 2203க்கு சப்போர்ட் லிஸ்ட்ல எந்த சந்தேகமும் இல்லாம இருந்தது அதுதான்.

விஎம்: நாலு விசிபியு, ரேம் 16 ஜிபி, எஸ்கியூஎல் மேக்ஸ் மெமரி 12 ஜிபின்னு கட்டி வச்சோம், இல்லாட்டி அது கிடைச்சதெல்லாம் எடுத்துக்கும். டிஸ்க் நாலு: ஓஎஸ், டேட்டா, லாக், டெம்ப்டிபி (எஸ்கியூஎல்லோட தற்காலிக டேட்டாபேஸ்). ஓஎஸ் தவிர மத்த மூணும் 64 கேபி அலொகேஷன் யூனிட்ல ஃபார்மேட். பேக்கப் நாஸ்க்கு. லாக் ஃபைலை சின்னதா விட்டு வளர விடாம, மானிட்டரிங்குக்கு முதல்லயே 8 ஜிபி குடுத்து, வளர்ந்தா 512 எம்பியா வளரட்டும்னு வச்சேன். இது ஏன்னு பின்னால வருது.

கொலேஷன் (எழுத்துகளை எப்படி ஒப்பிடணும், வரிசைப்படுத்தணும்ங்கிற விதி)தான் இங்க ஒரு நாள் சாப்பிட்டுச்சு. சிட்ரிக்ஸ் டேட்டாபேஸோட கொலேஷன் பேரு சிஐ, ஏஎஸ், கேஎஸ்னு முடியணும், அதாவது சின்ன எழுத்து பெரிய எழுத்து பாக்காது, அக்சென்ட் பாக்கும், ஜப்பானிய கானா வகையும் பாக்கும். அவங்க சொல்றது லேட்டின்1 ஜெனரல் 100 சிஐ ஏஎஸ் கேஎஸ். எங்க விண்டோஸ் சிஸ்டம் லொகேல் இங்கிலீஷ் சவுத் ஆப்பிரிக்கா. அந்த லொகேல்ல எஸ்கியூஎல் இன்ஸ்டால் பண்ணா டிஃபால்ட்டா வர்றது லேட்டின்1 ஜெனரல் சிஐ ஏஎஸ், கடைசில கேஎஸ் இருக்காது. அமெரிக்க லொகேல்ல வர்ற டிஃபால்ட்லயும் கேஎஸ் கிடையாது, ஆக எந்த ஊர்ல இருந்தாலும் இதைக் கையால குடுத்தே ஆகணும். ரெஸ்டோர் பண்ற டேட்டாபேஸ் தன்னோட பழைய கொலேஷனைக் கூடவே கொண்டு வந்துடும், அங்க தொந்தரவு இல்ல. ஆனா மானிட்டரிங்கைப் புதுசா ஆரம்பிக்கிறதுன்னு முடிவு பண்ணி, காலி டேட்டாபேஸை சும்மா க்ரியேட் குடுத்தப்போ அது சர்வர் கொலேஷனை எடுத்துக்கிச்சு, சிட்ரிக்ஸோட அட்மின் கன்சோலான ஸ்டுடியோ அதை ஏத்துக்கல. டிராப் பண்ணி, கொலேஷன் குறிப்பிட்டு மறுபடி உருவாக்கினப்புறம்தான் நகர்ந்துது. அப்படியே ரீட் கமிட்டட் ஸ்னாப்ஷாட்டையும் (படிக்கிறதும் எழுதறதும் ஒண்ணையொண்ணு தடுக்காத செட்டிங்) ஆன் பண்ணிட்டேன், காலியா இருக்கிறப்போ அது ஒரு வரி வேலை, ஓடுற டேட்டாபேஸ்ல எல்லா கனெக்ஷனையும் வெளிய தள்ளினாத்தான் மாறும்.

ஸ்டுடியோவே ஸ்க்ரிப்ட் எழுதிக் குடுக்கும், எஸ்கியூஎல்ல சிஸ்அட்மின் உரிமை இல்லாதவங்க அதை டிபிஏகிட்ட குடுத்து ஓட்டச் சொல்லலாம். அந்த ஸ்க்ரிப்டை எஸ்கியூஎல் பக்கத்து மேனேஜ்மென்ட் ஸ்டுடியோல எஸ்கியூஎல்சிஎம்டி மோடுல ஓட்டணும், க்வெரி மெனுல டிக் பண்ணணும். சாதாரணமா ஓட்டினா கோலன்ல ஆரம்பிக்கிற வரில எல்லாம் சின்டாக்ஸ் எரர்னு சிவப்பா வரும், ஸ்க்ரிப்ட் கெட்டுப்போச்சோன்னு நினைக்கத் தோணும், கெடல.

மாத்தற வேலைக்கு 2023 செப்டம்பர் 23, 24, 25 எடுத்துக்கிட்டோம். 24 ஹெரிட்டேஜ் டே ஞாயித்துக்கிழமைல விழுந்ததால திங்களும் லீவு, ஊரே ப்ராய் (கறி சுடற) அடுப்பு பத்த வச்சிட்டு இருக்கும், ஷிப்டும் கம்மி. எங்களுக்கு ஜெனரேட்டர், யூபிஎஸ் பாக்குற அண்ணா, டர்பன்ல இந்திய வம்சாவளி மக்கள் நிறைய இருக்கிற சாட்ஸ்வர்த்காரர், தாத்தா காலத்துல இருந்து இந்த ஊர், வீட்டுல தமிழ் பேசறவர். புரட்டாசி முதல் சனிக்கிழமை, இங்க நம்ம ஆளுங்க புரட்டாசி விரதம் ரொம்ப கண்டிப்பா இருப்பாங்க, அதனால ராத்திரி சாப்பாடு எல்லாருக்கும் பீன்ஸ் பனி சவ் (பிரெட்டைக் குடைஞ்சு உள்ள குழம்பு ஊத்தித் தர்ற டர்பன் சாப்பாடு), ஆட்டுக்கறி கிடையாது.

வேலை வரிசை இது. முதல்ல கான்ஃபிகரேஷன் லாகிங்கை டிசேபிள், மானிட்டரிங் கலெக்ஷனை ஆஃப். மூணுக்கும் ஃபுல் பேக்கப், கடைசியா ஒரு லாக் பேக்கப். சைட், லாகிங் ரெண்டையும் புது சர்வர்ல ரெஸ்டோர். மானிட்டரிங் பழைய பேக்கப்பை ஆடிட்டுக்காக நாஸ்ல பத்திரப்படுத்திட்டு புதுசுதான். ஸ்டுடியோல சேஞ்ச் டேட்டாபேஸ் குடுத்தா பழைய டேட்டா கூட வராது, அது தெரிஞ்சேதான் பண்ணோம்.

அப்புறம் பவர்ஷெல். ஒரு கன்ட்ரோலர்ல டேட்டாபேஸோட பேசற சர்வீஸ் ஒண்ணு ரெண்டு இல்ல, ப்ரோக்கர், கான்ஃபிக், ஏடி ஐடென்டிட்டி, ஹைப்பர்வைசர், ப்ராவிஷனிங், மானிட்டர், லாக், ஸ்டோர்ஃப்ரன்ட், அட்மின்னு ஒரு டஜனுக்கு மேல. ஒவ்வொண்ணுக்கும் கனெக்ஷனை முதல்ல நல் (null, அதாவது வெறுமை) ஆக்கணும், அப்புறம் புது கனெக்ஷன் ஸ்ட்ரிங் குடுக்கணும். வரிசை முக்கியம்: நல் ஆக்குறப்போ அட்மின் சர்வீஸ் கடைசி, திரும்பக் குடுக்கிறப்போ அட்மின் முதல். ஏன்னா மத்த கட்டளைகளை ஓட்ட நமக்கு உரிமை இருக்கான்னு பாக்குறதே அந்த சர்வீஸ்தான். குடுக்கிறதுக்கு முன்னாடி டெஸ்ட் கட்டளை ஒவ்வொண்ணுக்கும் தனியா இருக்கு, அதை விடாம ஓட்டுங்க.

முதல் கன்ட்ரோலர் சுத்தமா போச்சு. ரெண்டாவதுல டெஸ்ட் எல்லாமே ஃபெயில், எஸ்கியூஎல் பக்கம் 18456, லாகின் ஃபெயில்டு, பேரு கடைசில டாலர் குறியோட ரெண்டாவது கன்ட்ரோலரோட மெஷின் அக்கவுன்ட். கன்ட்ரோலர் சர்வீஸ்கள் விண்டோஸ் ஆதென்டிகேஷன்லதான் வரும், மெஷின் அக்கவுன்ட் பேருல. டேட்டாபேஸ் ரெஸ்டோர் பண்ணா உள்ள இருக்கிற யூசர் வந்துடும், சர்வர் லெவல்ல இருக்கிற லாகின் வராது, அதை ரெண்டு கன்ட்ரோலருக்கும் தனித்தனியா உருவாக்கணும், ஒண்ணுக்குத்தான் உருவாகியிருந்துச்சு. டொமைன் அக்கவுன்ட்டா இருக்கிறதால எஸ்ஐடி (அக்கவுன்ட்டோட அடையாள எண்) அதேதான், லாகின் உருவாக்கின உடனே உள்ள இருக்கிற யூசரோட தானா ஒட்டிக்கிச்சு. ரெண்டாவது கன்ட்ரோலரும் வந்துடுச்சு. லாகிங், மானிட்டரிங் ரெண்டையும் ஆன் பண்ணி, டைரக்டர்ல புது செஷன் வர்றதைப் பாத்துட்டு, பழைய எக்ஸ்பிரஸ் சர்வீஸை நிறுத்தி டிசேபிள் பண்ணோம். அங்க ஒரு எச்சரிக்கை: பழைய எக்ஸ்பிரஸை எடுக்கிறேன்னு லோக்கல்டிபியையும் சேத்து அன்இன்ஸ்டால் பண்ணிடாதீங்க. பேரு ஒரே மாதிரி இருக்கும், ஆனா லோக்கல்டிபி இல்லாட்டி லோக்கல் ஹோஸ்ட் கேஷ் இல்ல.

ஞாயித்துக்கிழமை பூரா அந்த கேஷுக்குத்தான். எங்க ஊர் லோட் ஷெட்டிங் (பத்தாக்குறைக்கு முறை வச்சு கரண்டை நிறுத்தறது) பத்தி வெளில இருக்கிறவங்களுக்குச் சொல்லணும்னா, 2023ல அது இல்லாத வாரம் அபூர்வம், ஸ்டேஜ் 6 வரைக்கும் பாத்தோம், ஒரே நாள்ல பல தடவை கரண்ட் போச்சு. அதனால எஸ்கியூஎல் சர்வர் எப்பவாவது நிக்கும்ங்கிறதை எழுதி வச்சுட்டே டிசைன் பண்ணணும்.

டெஸ்ட் பண்ண டேட்டாபேஸை நிறுத்தணும்னு கூட இல்ல, கன்ட்ரோலர் ரெஜிஸ்ட்ரில அவுட்டேஜ் மோட் ஃபோர்ஸ்டுன்னு ஒரு வேல்யூவை 1 ஆக்கினா போதும், 0 ஆக்கினா திரும்பிடும். முதல்ல ஈவென்ட் வியூவர்ல 503, 504 வரிசையா வருதான்னு பாத்துக்கோங்க, கான்ஃபிக் வந்துது, இம்போர்ட் ஆச்சுன்னு அர்த்தம். 505 வந்தா இம்போர்ட் ஃபெயில், அப்போ கேஷ்ல இருக்கிறது பழசு. அவுட்டேஜ் ஆரம்பிச்சதும் 3502, முடிஞ்சதும் 3503. ரெண்டு கன்ட்ரோலர் இருந்தாலும் அவுட்டேஜ்ல ஒண்ணுதான் எல்லா வேலையும் பாக்கும், எதுன்னு தேர்ந்தெடுக்கிறது மெஷின் பேரோட அகரவரிசையை வச்சு. அப்போ பேருல முன்னாடி வர்ற மெஷின் பலமா இருக்கணும்.

இங்கதான் சாக்கெட் விஷயம். லோக்கல்டிபி நாலு கோர் வரைக்கும் எடுக்கும், ஆனா ஒரே சாக்கெட்லதான். எங்க கன்ட்ரோலர் விஎம் நாலு சாக்கெட், சாக்கெட்டுக்கு ஒரு கோர்னு இருந்துச்சு, அப்போ கேஷுக்குக் கிடைக்கிறது ஒரே ஒரு கோர். காலை ஷிப்ட் மொத்தமா லாகின் பண்ணா அந்த ஒரு கோர் தாங்காது. விஎம்மை நிறுத்தி ஒரு சாக்கெட், நாலு கோர்னு மாத்தினோம், பைசா செலவில்லாத மாற்றம். லோக்கல்டிபி 1.2 ஜிபி ரேம் வரைக்கும் எடுக்கும், அதுக்கும் சேத்து விஎம் ரேமை ஏத்தினோம்.

அவுட்டேஜைப் போட்டு லாகின் பண்ணிப் பாத்தோம். சூப்பர்வைசர்களோட தனி டெஸ்க்டாப் வந்துது. மத்த எல்லாரும் இருக்கிற பூல் டெஸ்க்டாப் (யாருக்கும் சொந்தமில்லாம மாத்தி மாத்திக் குடுக்கிறது) வரல. இது கோளாறு இல்ல, அப்படித்தான் வச்சிருக்காங்க: பூல் மெஷின் ஒவ்வொரு யூசர் போனதும் ரீஸ்டார்ட் ஆகி சுத்தமாகணும், அவுட்டேஜ்ல பவர் மேனேஜ்மென்ட் கிடையாது, சுத்தம் பண்ண முடியாத மெஷினை அடுத்தவருக்குக் குடுக்கக் கூடாதுன்னு டிஃபால்ட்டா மூடி வச்சிருக்கு. பவர்ஷெல்ல சைட் லெவல்ல ஒண்ணு, டெலிவரி க்ரூப் லெவல்ல ஒண்ணு, ரீஸ்டார்ட் இல்லாமலே திரும்ப உபயோகிக்க அனுமதின்னு ரெண்டு செட்டிங், ரெண்டையும் ட்ரூ ஆக்கினப்புறம் வந்துது. முன்னாடி இருந்தவரோட மிச்சம் மீதி அந்த மெஷின்ல இருக்க வாய்ப்பிருக்கு, அதை செக்யூரிட்டி பாக்குறவங்ககிட்ட சொல்லி எழுத்துல ஓகே வாங்கிட்டுத்தான் ஆன்ல விட்டோம். மருத்துவமனை, பேங்க் மாதிரி இடத்துல இருக்கிறவங்க இதை நல்லா யோசிச்சுப் பண்ணுங்க.

சாயங்காலம் நிஜ பவர் கட் டெஸ்ட். அண்ணா மெயின் பிரேக்கரை இறக்கறதுக்கு முன்னாடி கேட்டார், "தம்பி, யூபிஎஸ் தாங்கலன்னு வச்சுக்கோ, எல்லாம் செத்து ஜெனரேட்டர்ல திரும்ப எழுந்திரிக்குது. எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஏத்தக் கூடாது, லோடு தாங்காது. முதல்ல எது வேணும்னு எனக்கு வரிசை எழுதிக் குடு." அது அவர் கரண்டுக்காகக் கேட்டது, ஆனா எங்களுக்கு வேண்டியதும் அதேதான். முதல்ல டொமைன் கன்ட்ரோலர், அப்புறம் எஸ்கியூஎல், அது சரியா எழுந்ததுக்கப்புறம் ரெண்டு டெலிவரி கன்ட்ரோலர், அப்புறம் ஸ்டோர்ஃப்ரன்ட் (யூசர் லாகின் பண்ற வெப் பக்கம்), கடைசில டெஸ்க்டாப்புங்க கூட்டம் கூட்டமா. இதை ஹைப்பர்வைசர் ஆட்டோ ஸ்டார்ட்ல நேர இடைவெளியோட போட்டு, ஒரு பேப்பர்ல அச்சடிச்சு ஜெனரேட்டர் பேனல் கதவுல அண்ணா ஒட்டிட்டார்.

எஸ்கியூஎல் எழுந்திரிக்க எவ்ளோ நேரம் ஆகும்ங்கிறதுலதான் அந்த லாக் ஃபைல் விஷயம் வருது. பழைய எக்ஸ்பிரஸ் திடீர்னு செத்து எழுந்தப்போ எல்லாம் மானிட்டரிங் டேட்டாபேஸ் ரொம்ப நேரம் இன் ரெக்கவரின்னே நிக்கும். லாக் ஃபைல் 64 எம்பி 64 எம்பியா வளர்ந்து 90 ஜிபி ஆனது, உள்ளுக்குள்ள அது ஆயிரத்துக்கு மேல துண்டு துண்டா இருந்துச்சு, ஸ்டார்ட் ஆகுறப்போ அத்தனையும் படிக்கணும். புது சர்வர்ல முன்கூட்டியே பெரிசா குடுத்ததால துண்டுங்க கொஞ்சம்தான். பிரேக்கரை இறக்கி ஏத்தினப்போ மூணு டேட்டாபேஸும் ஒரு நிமிஷத்துக்குள்ள ஆன்லைன்.

திங்கள்கிழமை பேக்கப் ஜாப். ராத்திரி ஃபுல், 15 நிமிஷத்துக்கு ஒரு லாக், இப்போ ஏஜென்ட் இருக்கிறதால அது ரொம்ப சுலபம். பேக்கப்பை வேற ஒரு டெஸ்ட் விஎம்ல ரெஸ்டோர் பண்ணி செக்டிபி (டேட்டாபேஸ் கெட்டிருக்கான்னு பாக்குற கட்டளை) ஓட்டிப் பாத்தோம், அதை மாசம் ஒரு தடவைன்னு காலண்டர்ல போட்டாச்சு. மானிட்டரிங் ரிடென்ஷன் 90 நாள், ப்ராசஸ் மானிட்டரிங் ஆஃப், யாராவது ஆன் பண்ணணும்னா டிக்கெட்ல முடிவு தேதியோட. ஆடிட்டுக்கு வேணுங்கிற ஒரு வருஷ விவரத்தை மாசக் கடைசில ரிப்போர்ட்டா எடுத்து ஃபைல்ல வச்சுக்கிறோம், அதுக்காக ஓடுற டேட்டாபேஸை வீங்க விட வேண்டியதில்ல. 90 நாள் முழுசா நிறைஞ்சப்புறமும் மானிட்டரிங் 2 ஜிபியைத் தொடல. சைட் டேட்டாபேஸ் இன்னும் 200 எம்பிக்குள்ளதான்.

ரெண்டாவது எஸ்கியூஎல் போட்டு ஆல்வேஸ் ஆன் (ஒண்ணு செத்தா இன்னொண்ணு எடுத்துக்கிற ஏற்பாடு) பண்ணலையான்னு சிலர் கேட்டாங்க. ஸ்டாண்டர்ட்ல பேசிக் அவைலபிலிட்டி க்ரூப் உண்டு, ஆனா ஒரு க்ரூப்புக்கு ஒரு டேட்டாபேஸ்தான், எங்களுக்கு மூணு க்ரூப் வேணும், எது உயிரோட இருக்குன்னு முடிவு பண்ண மூணாவது ஓட்டா ஒரு விட்னஸும் வேணும், ரெண்டாவது சர்வரை லைசென்ஸ் இல்லாம சும்மா நிறுத்தி வைக்க சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸும் வேணும். 180 பேர் இருக்கிற இடத்துக்கு, சரியா டெஸ்ட் பண்ணின லோக்கல் ஹோஸ்ட் கேஷும் 15 நிமிஷ லாக் பேக்கப்பும் போதும்னு நான் நினைக்கிறேன். ஆயிரம் பேரைத் தாண்டினா, இல்ல இரவு பகலா ஸ்டுடியோல மாத்தங்கள் பண்ற டீம் இருந்தா, கணக்கு வேற, ஏன்னா அவுட்டேஜ்ல ஸ்டுடியோ ஓடாது.

திரும்ப முதல்ல இருந்து பண்றதா இருந்தா, இன்ஸ்டால் அன்னிக்கே விசார்டுல எக்ஸ்பிரஸ் டிக்கை எடுத்துட்டு வெளி எஸ்கியூஎல்ல, கேஎஸ் கொலேஷன்ல மூணு டேட்டாபேஸையும் முன்கூட்டியே உருவாக்கிடுவேன். கனெக்ஷன் ஸ்ட்ரிங்ல சர்வர் பேரை நேரா குடுக்காம ஒரு டிஎன்எஸ் அலையஸ் (சர்வருக்கு ஒரு மாற்றுப் பேரு) குடுப்பேன், இந்தத் தடவை நேரத்துக்காக சர்வர் பேரையே குடுத்துட்டோம், அடுத்து எஸ்கியூஎல் மாத்தறப்போ அந்த ஒரு டஜன் சர்வீஸையும் மறுபடி தொட வேண்டி வரும். அப்புறம் மூணு அலெர்ட்: டிஸ்க்ல 20 சதவீதத்துக்குக் கீழ இடம், லாக் ரீயூஸ் வெய்ட்ல ஒரு மணி நேரத்துக்கு மேல லாக் பேக்கப்னு நிக்கிறது, ஈவென்ட் 505. முதல் ரெண்டும் இப்போ மெயில் அனுப்புது, 505க்கு இந்த வாரம் போடணும்.